வெண்ணெய் தொடும் இடம்

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். அதற்குள் இருப்பவை அட்டைச் சதுரங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒன்றில் அலுமினியத் தாள், ஒன்றில் பூப்போட்ட வண்ணத்தாள், ஒன்றில் பட்டர் பேப்பர், இன்னொன்றில் துணியும் அதன்மேல் கண்ணாடித்தாளும் என்று விதவிதமாக உறை போட்டிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் தேதி, என்ன தடவினேன், எத்தனை மணி நேரம் விட்டுவைத்தேன் என்ற குறிப்பு பென்சிலில் இருக்கும். கேக்கை வைக்கும் பலகையை வீட்டிலேயே செய்துகொள்ள ஆரம்பித்த பிறகு சேர்ந்தவை இவை. அந்த டப்பா வந்த கதையைச் சொல்லிவிட்டு உறைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

அக்கா மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்கு கேக் ஒன்று செய்தேன். மேலே வெள்ளை பட்டர்கிரீம், அடியில் சுற்றிலும் சிப்பி சிப்பியாகப் பிழிந்த கரை. பலகைக்கு அட்டைப் பெட்டியை வட்டமாக வெட்டி, பரிசுப் பொருள் சுற்றும் அடர்சிவப்புத் தாளை இழுத்து ஒட்டியிருந்தேன். இரவு பார்த்தபோது வெள்ளைக்கும் சிவப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம். காலையில் கேக்கைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு கறுத்து, ஈரமானதுபோல மினுங்கியது. குனிந்து பார்த்தேன். சிப்பிக் கரையின் அடி விளிம்பு முழுவதும் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது.

அக்கா கத்தியைக் கையில் எடுத்தவள் நிறுத்திவிட்டாள். "அடியில் சிவப்பாக இருக்கிறதே, நீ கலர் சேர்த்தாயா?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா, தாளிலிருந்து ஏறியிருக்கிறது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளுக்குக் கொடுத்த ஒவ்வொரு துண்டிலும் அடிப்பகுதியை ஒரு விரல் கனத்துக்குச் சீவி ஒதுக்கினாள். ஒதுக்கியது ஒரு தட்டு நிறையச் சேர்ந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து செய்ததில் அவ்வளவும் வீண். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, பலகையின் உறை முதலில் ஒரு தட்டு. அழகெல்லாம் அதற்குப் பிறகு. வெண்ணெய் தொடும் இடத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை முடிவு செய்துவிட்டால் நிறம், பூ, பளபளப்பு எல்லாம் தாமாக ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

அந்த மினுங்கும் வளையம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். காகிதம் ஒளி புகாததாகத் தெரிவதற்குக் காரணம் அதன் நார்களுக்கு இடையில் இருக்கும் காற்று. நாரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து நாருக்கும் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி சிதறுகிறது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்துவிடுகிறது, ஏனென்றால் எண்ணெயும் நாரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கின்றன. தாள் பாதி கண்ணாடிபோல ஆகிவிடும். தண்ணீர் பட்ட இடமும் முதலில் அப்படித்தான் தெரியும். ஆனால் தண்ணீர் காய்ந்து போகும், காற்று திரும்பி வரும். எண்ணெய் காயாது. வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு. அறையின் வெப்பத்திலேயே அதில் ஒரு பகுதி திரவமாக இருக்கிறது. பட்டர்கிரீம் எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும் அடியில் கொழுப்பு மெல்ல நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே எந்த உறையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். கொழுப்பு உள்ளே போகுமா? ஈரம் போகுமா? கத்தி இறங்கினால் என்ன ஆகும்? இந்த மூன்றாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேக் என்பது அது இருக்கும் இடத்திலேயே வெட்டப்படும் பண்டம். உறையின் மேல் கத்தி இறங்காமல் இருக்கப்போவதில்லை.

உறைக்கு அடியில் இருப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டைப் பெட்டியின் நெளி அட்டை என்றால் இரண்டு அல்லது மூன்று வட்டங்களை, ஒன்றின் நெளிவு வரிசைக்குக் குறுக்கே மற்றொன்றின் வரிசை வருமாறு வெள்ளைப் பசையால் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். ஒரே திசையில் ஒட்டினால் அந்தத் திசையில் மடங்கும். அடுக்கு கேக்குக்கு அட்டையை நம்பாமல் எம்.டி.எஃப் அல்லது பிளைவுட் வெட்டிக்கொள்வது நல்லது. மரநாரையும் பிசினையும் அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் கேக்கை நேராக வைக்கவே கூடாது, அதற்கு உறை கட்டாயம். அளவைப் பொறுத்தவரை, கேக்கைச் சுற்றி 5 செ.மீ. இடம் விட்டால் தூக்கும்போது விரல் கரையில் படாது. 20 செ.மீ. கேக்குக்கு 30 செ.மீ. பலகை.

இனி உறைகள். அலுமினியத் தாளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் இருப்பது அது. கொழுப்பும் ஈரமும் அதைத் தாண்டாது. குறை அதன் மென்மையில் இருக்கிறது. சமையலறையில் புழங்கும் சாதாரணத் தாளின் கனம் சுமார் 0.016 மி.மீ. கனமான வகை என்று விற்பது 0.024 மி.மீ. அளவில் இருக்கும். அவ்வளவு மெல்லியதில் கத்தி பட்டால் கோடு விழும், கோடு கிழியும், கிழிந்த ஓரம் சுருண்டு கேக் துண்டோடு தட்டுக்கு வந்துவிடும். பல்லில் அலுமினியத் துணுக்கு கடிபட்டவருக்கு அந்தக் கூச்சம் தெரியும். அதனால் கனமான வகையை எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் சாதாரணத் தாளை இரண்டாக மடித்துப் போடுவேன்.

இன்னொரு சிக்கல் நெளி அட்டையின் வரிகள். அட்டையின் மேல் தாளை நேராக இழுத்தால் அடியிலிருக்கும் நெளிவுகள் விலா எலும்புபோல மேலே தெரியும். வழவழப்பான கனத்த வெள்ளைத் தாள் ஒன்றை முதலில் அட்டையின் மேல் ஒட்டிவிட்டு அதன்மேல் அலுமினியம் போட்டால் வரி தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று பலகைகளை வீணாக்கிய பிறகு கண்டுகொண்டேன்.

வட்டப் பலகைக்கு உறை போடும் வேலையை இங்கே விரிவாகச் சொல்ல ஆசை. 30 செ.மீ. பலகைக்குத் தாள் 40 செ.மீ. வட்டமாக வேண்டும். தாளைக் குப்புறப் போட்டு நடுவில் பலகையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் 5 செ.மீ. ஓரத்தில், விளிம்பிலிருந்து பலகையை நோக்கி இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு வெட்டு. வெட்டு பலகையைத் தொடக் கூடாது, பலகையின் கனம் அளவுக்கு முன்னமே நிறுத்திவிட வேண்டும். தொட்டால் பக்கவாட்டில் அட்டை தெரியும். பிறகு முதல் இதழை மடித்து ஒட்டியதும் அடுத்ததற்குப் போகாமல் நேர் எதிரே இருக்கும் இதழை இழுத்து ஒட்ட வேண்டும். அதற்குப் பின் இடம், அதற்குப் பின் வலம். கட்டிலுக்கு விரிப்பு இழுப்பதுபோலத்தான். வரிசையாக ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் கடைசியில் தாள் ஒரு பக்கம் தொய்ந்து நிற்கும். மேல்பக்கத்தை நகம் படாமல் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டால் போதும். அலுமினியத்தில் ஒருமுறை விழுந்த மடிப்பு போகாது. அடிப்பக்கத்தில் இதழ்கள் தெரியாமல் இருக்கப் பலகையைவிட 1 செ.மீ. சிறிய வட்டத் தாளை ஒட்டி மூடிவிடுவேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் தூக்கும் விரலுக்கு அது வழவழப்பாக இருக்கும், இதழ் கிளம்பாது.

பளபளப்பான பக்கம் மேலே வர வேண்டுமா, மங்கலான பக்கமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே உலோகம். ஆலையில் கடைசிச் சுற்றில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருளைகளுக்கு இடையே விடுகிறார்கள். உருளையைத் தொடும் பக்கம் பளபளக்கிறது, ஒன்றையொன்று தொடும் பக்கங்கள் மங்கிப்போகின்றன. வேறு வித்தியாசம் இல்லை. நான் மங்கலான பக்கத்தையே மேலே வைக்கிறேன். பளபளப்பு விளக்கையெல்லாம் பிரதிபலித்துக் கேக்கிலிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறது.

எலுமிச்சைப் பூரணம், புளிப்புப் பழங்கள், பழச்சாறு வழியும் கேக் என்றால் அலுமினியம் வேண்டாம். அந்த உலோகத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் அதைக் காக்கிறது. பி.எச். 4-க்குக் கீழே போகும் அமிலத்தில் அந்தப் படலம் கரைய ஆரம்பிக்கிறது. எலுமிச்சைச் சாறு அதைவிட அமிலத்தன்மை மிக்கது. என் டப்பாவில் எலுமிச்சைச் சாறு சொட்டி ஓர் இரவு விட்ட சதுரம் ஒன்று இருக்கிறது. சொட்டு இருந்த இடம் சாம்பல் பூத்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது.

அடுத்தது என்னை ஏமாற்றிய வண்ணத்தாள். அதை நான் முழுவதுமாக ஒதுக்கிவிடவில்லை. இத்தனை நிறமும் வடிவமும் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் அது தனியாக உறை ஆக முடியாது, மேலே தெளிவான படலம் ஒன்று வேண்டும். எல்லோரும் கண்ணாடித்தாள், செலோபேன் என்று சொல்வது இதைத்தான்.

செலோபேனின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு கறையில் தொடங்கியது. ஜாக் பிராண்டன்பெர்கர் என்ற சுவிஸ் வேதியியலாளர் உணவகம் ஒன்றின் மேசை விரிப்பில் ஒயின் சிந்துவதைப் பார்த்தார். கறை ஏறாத துணி செய்ய முடியுமா என்று துணியின் மேல் செல்லுலோஸ் பூச்சு கொடுத்துப் பார்த்தார். துணி விறைத்துப்போய் உபயோகப்படவில்லை. ஆனால் பூச்சு மட்டும் தெளிந்த படலமாகத் தனியே உரிந்து வந்தது. அந்தப் படலம்தான் பிற்பாடு செலோபேன் ஆயிற்று. அது எண்ணெயை நன்றாகத் தடுத்தது, நீராவியைத் தடுக்கவில்லை. 1927-இல் டூபான்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹேல் சார்ச் அதன்மேல் ஒரு பூச்சு சேர்த்த பிறகே ஈரமும் தாண்டாததாக அது ஆனது. எண்ணெயைத் தடுப்பதும் ஈரத்தைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்று அந்தப் பெயரில் கைக்கு வரும் மொறமொற தாள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். கொழுப்பு, ஈரம் இரண்டையும் அது தடுக்கும். பூங்கொத்து சுற்றுவதற்கென்றே வருவதை எடுக்காமல், உணவுக்கு ஏற்றது என்று குறிப்பு உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த சிறு சின்னம் இருந்தால் உணவைத் தொடலாம் என்று பொருள்.

படலத்தை விறைப்பாக இழுத்துப் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கேக் வழுக்காமல் இருக்க அடியில் கொஞ்சம் ஐசிங் அல்லது உருக்கிய சாக்லேட் தடவி ஒட்டுவோம். ஆனால் கேக் படலத்தில் ஒட்டியிருக்கிறதே தவிர பலகையில் ஒட்டவில்லை. படலம் தொளதொளவென்று இருந்தால் வண்டியில் போகும்போது கேக்கும் படலமும் சேர்ந்தே நகரும். ஒருமுறை கேக் மையத்திலிருந்து இரண்டு விரல் நகர்ந்து போய்ச் சேர்ந்தது, அடியில் படலம் அலை அலையாகச் சுருங்கியிருந்தது. அதிலிருந்து படலத்தை அடிப்பக்கத்தில் இருபக்க ஒட்டுநாடாவால் சுற்றிலும் பிடித்துவிடுகிறேன். பசை எதுவானாலும் பலகையின் அடிப்பக்கத்தோடு நிற்க வேண்டும், மேற்பரப்புக்கு வரக் கூடாது.

முதுகில் பசையோடு வரும் வினைல் தாள் இந்த வேலையைச் சுலபமாக்குவதுபோலத் தோன்றும். அலமாரித் தட்டில் ஒட்டுவதற்காகச் செய்தது அது. கத்தி கீறினால் பசை வெளியே வரும். நான் அதைக் கேக்குக்கு அடியில் வைப்பதில்லை.

பட்டர் பேப்பர் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஒரே பெயரில் நாம் இரண்டு மூன்று தாள்களை அழைக்கிறோம். கூழை நெடுநேரம் அரைத்து நார்களை நெருக்கமாக்கிச் செய்த தாள் ஒன்று. அது கொழுப்பைத் தடுக்கும், ஈரம் பட்டால் சுருங்கி மேடு பள்ளமாகும். சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாள் இன்னொன்று. இதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையானது. மெழுகுத்தாள் மூன்றாவது. கத்தி பட்டால் மெழுகு சுரண்டு வரும், சூடு பட்டால் இளகும். ஆறாத கேக்கை அதன்மேல் வைக்கவே கூடாது. (ஆறாத கேக்கை எந்த உறையின் மேலும் வைக்காதீர்கள். ஆவி அடியில் வியர்த்து நிற்கும், அடிப்பகுதி கூழாகும்.) பேக்கிங் தாளின் குறை என்னவென்றால் பசையும் அதில் ஒட்டாது. ஓரங்களை மடித்து, அடிப்பக்கத்தில் மடிப்பின் மேல் வேறு ஒரு தாளை ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

பார்வைக்கு வெள்ளையாக, எளிமையாக இருக்கும் அந்தத் தாளை வைத்துத்தான் என் நெடுநாள் சிக்கல் தீர்ந்தது. கேக்கின் அளவுக்குச் சரியாக ஒரு மெல்லிய அட்டை வட்டம் வெட்டி, அதற்குப் பேக்கிங் தாள் உறை போட்டு, கேக்கை அதன்மேல் செய்கிறேன். இதை உள் அட்டை என்று சொல்லிக்கொள்கிறேன். அலங்காரம் செய்த பெரிய பலகையின் மேல் உள் அட்டையோடு கேக்கை இறக்கி வைத்தால், கத்தி உள் அட்டையோடு நின்றுவிடும். பெரிய பலகையின் அழகு கடைசி வரைக்கும் கெடாது. ஆனாலும் பெரிய பலகையின் உறையைக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. அடியில் பிழியும் கரை உள் அட்டையைத் தாண்டி வெளியே உட்காரும். என் சிவப்புத் தாளில் சாயம் இறங்கியதும் அந்த ஒரு விரல் அகலத்தில்தான்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. பட்டும் பருத்தியும் பலகையில் மிக அழகாக அமரும். ஆனால் நெசவின் இழைகள் கொழுப்பைத் திரிபோல உறிஞ்சும், காகிதத்தைவிட வேகமாக. மேலே படலம், நடுவில் உள் அட்டை இரண்டும் இருந்தால் மட்டும் துணி. ஜிகினாத்தூள் ஒட்டிய தாளைத் தொடவே மாட்டேன். "நச்சுத்தன்மை அற்றது" என்று எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று ஆகிவிடாது. பெயின்ட் அடித்த பலகையும் அப்படித்தான். வாடை போகாமல் கேக்கை வைத்தால் வெண்ணெய் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் நேசிக்கும் உறை ஃபாண்டன்ட், அதாவது மாவுபோலத் திரட்டி விரிக்கும் சர்க்கரைப் பிசைவு. பலகைக்கும் கேக்குக்கும் ஒரே உடை போட்டதுபோல இருக்கும், சாயம் ஏறும் பயமும் இல்லை. 3 மி.மீ. கனத்துக்குத் திரட்டி, கொதித்து ஆறிய தண்ணீரைப் பலகையில் லேசாகத் தடவி அதன்மேல் விரிக்க வேண்டும். லேசாக என்றால் விரல் ஈரமாகிற அளவுக்கு மட்டும். தண்ணீர் கூடினால் ஃபாண்டன்ட் அடியில் கரைந்து வழுக்கும், அட்டைப் பலகையென்றால் அட்டையும் ஊறி வளையும். அதனால் அட்டைக்கு முதலில் அலுமினியம், அதன்மேல்தான் ஃபாண்டன்ட். உள்ளங்கையை வட்டமாக ஓட்டிச் சமன்செய்து, ஓரத்தைக் கத்தியால் மேலிருந்து கீழாக, பலகையின் விளிம்பில் கத்தியின் முதுகு சாய்ந்திருக்குமாறு சீவ வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் விளிம்பு நீண்டு கோணலாகும்.

பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு நாள் போதும் என்பார்கள், நான் இரண்டு நாள் விடுகிறேன். முதல் நாள் அவசரத்தில் தூக்கினால் பலகையின் நாலு பக்கமும் கட்டைவிரல் பள்ளம் விழும். எதை வைத்து நிரப்பினாலும் அந்தப் பள்ளம் தெரியும். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதால் மழை நாளில் இரண்டு நாளும் போதாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் மேற்பரப்பு வியர்த்து நிறம் ஓடும். கிரீம் கேக்குக்கு, பெட்டியில் இருந்தே தீர வேண்டிய கேக்குக்கு, இந்த உறை சரிவராது. அங்கே அலுமினியத்துக்கோ படலத்துக்கோ திரும்பிவிடுகிறேன்.

விளிம்புக்கு ரிப்பன் சுற்றுவது என் வழக்கம். 12 மி.மீ. பலகையும் 3 மி.மீ. ஃபாண்டன்ட்டும் சேர்ந்தால் 15 மி.மீ., அதே அகல ரிப்பன் சரியாக மூடிவிடும். அலுமினியம் மட்டும் போட்ட பலகைக்கு 12 மி.மீ. போதும், 15 போட்டால் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ரிப்பனின் மேல் விளிம்பு கரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தொட்டால் துணிக்கு நேர்ந்ததே ரிப்பனுக்கும் நேரும்.

புதிய உறை எதுவானாலும் பலகைக்குப் போகும் முன் டப்பாவுக்குப் போகிறது. உள்ளங்கை அகலச் சதுரத்தில் உறை போட்டு, ஒரு மூலையில் மெத்தென்ற வெண்ணெய், எதிர் மூலையில் சில சொட்டுத் தண்ணீர், குறுக்கே ஒரு கத்திக் கோடு. ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் துடைத்து, உறையை உரித்து அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். வெளிச்சம் புகுந்து வருகிற இடத்தில் கொழுப்பு இறங்கியிருக்கிறது. கத்திக் கோட்டின் அடியில் மட்டும் கறை இருந்தால் உறை நல்லது, உள் அட்டை வேண்டும். எங்கும் பரவியிருந்தால் அந்த உறை வேண்டாம்.

பலகைகளையும் இப்படியே பார்க்கிறேன். கேக் தீர்ந்து பலகை திரும்பி வந்தால் உறையை உரித்து அடியில் பார்ப்பேன். அட்டை ஊறியிருந்தால் குப்பைக்கு. உலர்ந்திருந்தால், எம்.டி.எஃப் என்றால் துடைத்து வைத்து அடுத்த முறை புதிய உறை போடுவேன். சென்ற முறை அக்கா மகளுக்கு அதே அடர்சிவப்புத் தாளில்தான் பலகை செய்தேன், சுருளில் மீதி இருந்தது. மேலே படலம், நடுவில் உள் அட்டை, அதே வெள்ளைச் சிப்பிக் கரை. அக்கா கத்தியை அடி வரைக்கும் இறக்கினாள். மறுநாள் பலகை வந்ததும் ஒரு மூலையை வெட்டியெடுத்து டப்பாவில் போட்டுவைத்தேன். பின்னால் எழுதியிருக்கிறது: "22 மணி நேரம். பட்டர்கிரீம். அட்டை உலர்ந்திருந்தது."